சுமைதாங்கி

வண்டியும் மாடும் வாய்க்கப்பெறாத எளிய ஜனங்கள் நெல்லையும் உப்பையும் விறகையும் தலையிலேயே சுமந்து, காத தூரம் நடந்து சந்தைக்குப் போன காலத்தில், தமிழ்நாட்டுப் பாதைகளின் ஓரத்திலும் யாழ்ப்பாணத்து வீதிகளிலும் எழுந்தவை சுமைதாங்கிகள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினால் வேலை முடிந்தது.

தலைச்சுமைக்காரரின் கஷ்டம் நடப்பதில் மட்டும் இல்லை. பாரத்தை இறக்க ஒரு கை வேண்டும். மறுபடி ஏற்றிவிடவும் ஒரு கை வேண்டும். ஆளரவமற்ற வழியில் கழுத்து நரம்பு புடைத்துக் கால் தள்ளாடினாலும், இறக்கினால் தூக்கிவிட ஆளில்லையே என்ற அச்சத்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகையால்தான் அந்தப் பலகைக்கல் ஏறக்குறையத் தோளுயரத்தில் அமைந்தது. சுமைகாரி கல்லை ஒட்டி நின்று, முழங்காலைச் சற்றே மடக்கிக் கூடையை மெல்லத் தள்ளினால் பாரம் கல்லுக்கு மாறிவிடும். சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்து, மூச்சு நிதானப்பட்டபின் மீண்டும் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால், ஒருவர் தயவும் இன்றிப் பிரயாணம் தொடரும். அருகிலேயே கால்நடைகள் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல்லும், தாகத்துக்குக் கேணியும் அமைத்த ஊர்களும் உண்டு.

இந்தக் கற்களிற் பல, கர்ப்பவதியாகவே மாண்டுபோன பெண்களின் ஞாபகார்த்தமாக நாட்டப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுடைய ஆத்மா, முன்பின் அறியாத வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் சாந்தி பெறும் என்று அவள் குடும்பத்தார் நம்பினார்கள். தாங்கொணாத துக்கத்தில் இருப்பவர்களுக்கு, பாதையில் போகும் யாரோ ஒருத்தியின் கழுத்துவலி நினைவுக்கு வந்ததே, அதை எண்ணுந்தோறும் எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

அரசர்களின் தர்மம் பெரிது என்பதில் ஐயமில்லை. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சத்திரங்களில் யாத்ரிகர்களுக்கு அன்னமும் நோயாளிகளுக்கு வைத்தியமும் அளிக்கப்படுவதை 1801இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு விரிவாக எழுதினார். ஆயினும் சத்திரத்துப் பந்தியில் ஜாதி பார்த்தார்கள். தண்ணீர்ப் பந்தலிற்கூடச் சிலருக்கு எட்ட நின்று மூங்கிற் குழாய் வழியேதான் நீர் வார்த்தார்கள். சுமைதாங்கியோ வந்தவரின் குலத்தைக் கேட்கவில்லை; நன்றியையும் எதிர்பார்க்கவில்லை. என் மனத்தில் அதற்கே உயர்ந்த இடம்.

மோட்டார் வண்டிகள் பெருகியபின் சாலைகளை அகலப்படுத்துவோர் இவற்றைப் பெயர்த்து எறிகிறார்கள். சிலவற்றில் இறந்தவளின் பெயர் பொறித்திருக்கிறது. எறியுமுன் அதைப் படித்துப் பார்த்து, நாலடி தள்ளியாவது நட்டுவைக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.