ஓலைப் புள்ளியும் கணினிப் புள்ளியும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் ஓலையில் எழுதியோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற அறிஞர்கள், சொல்லும் பொருளும் யாப்பும் துணையாகப் புள்ளி நின்ற இடங்களைத் தேர்ந்தனர்.

அவ்விடர் கணினியிலும் தொடர்ந்தது. கணினி எண்களை மட்டுமே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று கூறும் அட்டவணையே குறியேற்றம். ஒருங்குறியின் முதற் பதிப்பில் 1991-இலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் எழுத்துருவுக்கோர் அட்டவணையாகப் பல வழங்கின. அவற்றை ஒழுங்குபடுத்தவே டிஸ்கி தோன்றியது. 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்பனவும் வந்தன. பின்னரே ஒருங்குறி நிலைபெற்றது.

ஆயினும் தரவுத்தளங்கள் உடனே மாறவில்லை. பெரிதும் வழங்கும் மைஎஸ்கியூஎல், 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் ஒருங்குறியைத் தன் இயல்பு அட்டவணையாக ஏற்றது. அதற்குமுன் இலத்தீன் அட்டவணையே அதன் இயல்பு. எனவே பழைய தரவின் காப்புப்படியை மீட்கும்போது, தமிழ் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தோன்றுவதுண்டு.

பேராக் மாநிலத்தில் தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதில் எழுத்து ஐந்து. ஒருங்குறியில் குறியீடு ஒன்பது. யுடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டாக, 27 பைட்டுகள் ஆகும். பிற அட்டவணையால் படித்தால் அவை 27 தனி எழுத்துகளாகக் காட்சி தரும். இது அழிவன்று, படிப்புப் பிழையே. உரிய அட்டவணையைக் கூறிப் படித்தால் பெயர் மீளும்.

பிழையாகப் படித்ததை அப்படியே மீண்டும் சேமிப்பதுதான் கேடு. விண்டோஸ்-1252 அட்டவணையின் 256 இடங்களுள் ஐந்து வெற்றிடங்கள். அவற்றுள் 129, 141 என்னும் இரண்டும் முறையே உகரக் குறியின், புள்ளியின் இறுதிப் பைட்டுகள். வெற்றிடத்தைக் கண்ட சில மென்பொருள்கள் அங்கே வினாக்குறி இட்டுவிடும். கமுந்திங்கில் மட்டும் அத்தகைய இடங்கள் மூன்று: உகரம் ஒன்று, புள்ளி இரண்டு.

ஓலையில் விட்ட புள்ளியைப் பதிப்பாசிரியர் மொழியறிவால் மீட்டனர். கமுந்திங் மலாய்ப் பெயர். அதன் புள்ளியைத் தமிழ் இலக்கணம் காட்டாது. ஆட்பெயரும் பிறமொழி ஊர்ப்பெயரும் நிறைந்த பதிவேட்டிற்கு யாப்பும் துணை வராது. ஆதலின் மூலப்படியைத் தொடாது வைத்து, மற்றொரு படியில் மீட்டுப் பார்த்து, புள்ளியும் உகரமும் உள்ள பெயர் ஒன்றைச் சரிபார்த்த பின்னரே பழையதை நீக்கவேண்டும். காப்புப்படியுடன் அதன் அட்டவணைப் பெயரையும் எழுதி வைப்பது, பின்வருவோர்க்குத் திறவுகோலை விட்டுச் செல்வதாகும்.