எந்த மாவட்டத்துச் சாதனை?

பள்ளியில் படித்தபோது காஞ்சிபுரம் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்தேன். ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் பேர் வந்தது. எத்தனை விநாடி என்பது வரவில்லை. பட்டையும் ஜரிகையையும் கிராம் கணக்காய் எடை போட்டுக் கொடுத்து வாங்குகிற ஊர் நம்முடையது!

1899-இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரிப் பள்ளியில் காலின்ஸ் என்ற 13 வயதுப் பையன் ஆட்டமிழக்காமல் 628 ரன் எடுத்தான். முன்னே பின்னே 20 இருக்கலாம் என்று ஸ்கோரரே சொன்னாராம். இருக்கட்டுமே, எழுதி வைத்தார்கள். அதனால்தான் 2016-இல் மும்பையை அடுத்த கல்யாணில் பள்ளி மாணவர் பிரணவ் தனவாடே 1009 அடித்தபோது, எதை முறியடித்தார் என்று பத்திரிகைகளால் எழுத முடிந்தது.

நமக்கு இன்னொரு சிக்கல். 'மாவட்ட சாதனை' என்கிறோமே, எந்த மாவட்டம்? 1997-இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் செங்கல்பட்டு தனியே போயிற்று. முன்பு தாம்பரத்துப் பையன் ஓடியதை இப்போது யார் கணக்கில் எழுதுவது? போதாக்குறைக்கு, ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தோடு 0.24 விநாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டும். (என்ஜினியர் புத்தி, விடமாட்டேன் என்கிறது.)

விநாடியும் மீட்டரும் போட்ட பழைய பத்திரிகைத் துணுக்கு, பள்ளி ஆண்டு மலர் யாரிடமாவது இருந்தால் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்.