திவாலாக வழியில்லாத கம்பெனி

அமெரிக்காவில் பல ரயில் கம்பெனிகள் திவாலாகின. 1893 நெருக்கடியில் வரிசையாக விழுந்தன. 1970-ல் பென் சென்ட்ரல் என்ற ராட்சசக் கம்பெனியே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. நம்மூர் மதராஸ் ரயில்வே கம்பெனிக்கு அந்த யோகம் இல்லை. நஷ்டம் வந்தாலும் கையைக் கடிக்காதபடிதான் அதை உருவாக்கியிருந்தார்கள்.

1845-ல் லண்டனில் தொடங்கிய முதல் முயற்சி கலைந்துபோனது. மறுபடி கூடியபோது கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவாதம் தந்தது: நிலம் இலவசம், போட்ட முதலுக்கு ஐந்து சதவீதம் வரை வட்டி நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால்? குறைவதை இந்திய வருவாயிலிருந்து கொடுத்துவிடுவார்கள். அதாவது, ரயிலையே பார்த்திராத குடியானவனின் நிலவரியும் லண்டன் பங்குதாரருக்குப் போய்ச் சேரும். இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மேஸி, 1872-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒளிக்காமல் சொன்னார். வட்டி உறுதி என்றான பிறகு, பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் கட்டடமாக எழுப்பினாலும் போட்டவருக்குக் கவலையில்லை என்பது அவர் சாட்சியத்தின் சாரம்.

1853-ல் வேலை ஆரம்பித்தது. இரும்பெல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. சென்னைக்கு அப்போது துறைமுகம் ஏது? கப்பல் கடலிலேயே நிற்கும். மசூலா படகோட்டிகள் அலையோடு மல்லுக்கட்டிச் சரக்கைக் கரை சேர்ப்பார்கள். வடசென்னையின் கல்மண்டபம் பகுதிக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ஸ்டேஷன் எழுந்தது. 1856 ஜூன் 28-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டருக்கு ஜனங்கள் ரயிலேறினார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். 1862-ல் பாதை மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போனது. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கைகோத்தது.

1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்ததும் ராயபுரத்தின் மவுசு குறைந்தது. 1907 கடைசியில் அரசோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து, கம்பெனியும் முடிந்தது. ஜோலார்பேட்டைக்குத் தென்மேற்கே போகும் பாதை தென்னிந்திய ரயில்வேக்கு. மீதி, புதிதாக உருவான மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கு. பழைய ஆட்கள் வாயில் அது எம்.எஸ்.எம். அதன் தலைமை அலுவலகம் ராயபுரத்தில்தான் இருந்தது. 1922-ல் அதையும் சென்ட்ரல் பக்கம் கொண்டுபோனார்கள்.

பம்பாயிலும் தானேயிலும் 1853-ல் கட்டிய ஸ்டேஷன்கள் இப்போது இல்லை. அதனால் நாட்டில் மிஞ்சியிருப்பவற்றில் மூத்தது ராயபுரம்தான். அந்தப் பெருமையால் என்ன லாபம்? சென்னையின் மூன்றாவது ரயில் முனையத்தை இங்கே அமைக்கச் சொல்லி வடசென்னை கேட்டுக்கொண்டே இருந்தது. அது தாம்பரத்துக்குப் போனது.

எம்.எஸ்.எம். கதை அடுத்த வாரம்.