தோட்டாவுக்குத் தடவிய கொழுப்பு

எந்த இயந்திரத்துக்கு எந்த கிரீஸ் போடுவது என்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறோம். ஆனால் துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்தக் கொழுப்பைத் தடவுவது என்ற கேள்வி ஒரு காலத்தில் நாட்டையே உலுக்கிவிட்டது. 1857 எழுச்சியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் கொள்முதல் சம்பந்தப்பட்ட பகுதி, வங்கியில் ஃபைல்களோடு காலம் தள்ளிய எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில், கொழுப்பு எதற்கு? 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கிக் குழலின் உட்புறம் சுருள் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு சுழன்று போவதால் குறி தப்பாது. குண்டையும் மருந்தையும் காகிதத்தில் சுற்றியதுதான் தோட்டா. சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். சில முறை சுட்டதும் குழலில் கரி படிந்து குண்டு இறங்க மறுக்கும். அதற்காகத்தான் குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினார்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும், ஈரமும் புகாது.

இந்தியத் தட்பவெப்பத்தை இது தாங்குமா என்று பார்க்க, 1853-லேயே மாதிரித் தோட்டாக்கள் இங்கே வந்தன. கொழுப்பு சாதி உணர்வைப் புண்படுத்தாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் டக்கர் அந்த டிசம்பரிலேயே எழுதினார். எச்சரிக்கை ஃபைலோடு நின்றுவிட்டது.

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பேச்சு கிளம்பியது: தடவியிருப்பது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று. இந்து, முஸ்லிம் இரு தரப்புக்கும் அது வாயில் வைக்கக்கூடாத பொருள். விசாரித்தால், வாங்கிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதில் யாரும் தனிக் கவனம் எடுக்கவில்லை என்று தெரிந்தது. இல்லை என்று மறுக்கவும் கையில் ஆதாரம் கிடையாது.

பிறகுதான் சலுகைகள் வந்தன. கொழுப்பு தடவாத தோட்டாவைத் தருகிறோம், உங்களுக்குப் பிடித்ததை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றார்கள். அதற்குள் சந்தேகம் பளபளப்பான காகிதத்தின் மேலும் விழுந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் வாங்க மறுத்தது, அவர்களுக்குப் பழக்கமான பழைய வகைத் தோட்டாக்களையே! மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட்டில் கலகம் வெடித்தது. அடுத்த ஆண்டு கம்பெனி ஆட்சியே முடிந்தது.

அவத்தை இணைத்தது போன்ற பெரிய காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் இந்தப் பாடம் கம்பெனிக்குப் புதிதல்ல. 51 ஆண்டுகளுக்கு முன், 1806-ல், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் நம் வேலூர்க் கோட்டையில் ரத்தம் சிந்த வைத்திருந்தன.

உருகுமா, வழுக்குமா என்றெல்லாம் சோதித்தவர்கள், கடிக்கப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சங்கத்தில் புதிதாக எதை வாங்கினாலும், எந்த விதி போட்டாலும், அதை அன்றாடம் கையாளப்போகும் காவலாளியையும் துப்புரவுப் பணியாளரையும் முன்கூட்டியே கேட்டுவிடுவோம். கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.