ஞானப்பல்லும் இரு வலிகளும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனது அபிப்பிராயம். ஞானப்பல்லைப் பிடுங்கியவர்கள் இரு வலிகளை அறிவார்கள். ஒன்று, பிடுங்கும்போது ஏற்படுவது. மற்றையது, வீடு திரும்பிய பின்னர் நாட்கணக்கில் நீடிப்பது. முதலாவது வலியை மனிதன் வெற்றிகொண்ட கதை வரலாற்றில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1844 டிசம்பர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் கார்ட்னர் கோல்டன் என்பவர் கட்டணம் அறவிட்டு 'சிரிப்பூட்டும் வாயு' களியாட்டக் காட்சியொன்றை நடத்தினார். வாயுவைச் சுவாசித்த சாமுவேல் கூலி என்ற இளைஞர் காலில் காயமடைந்தும் வலியை உணரவில்லை. சபையிலிருந்த 29 வயதுப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் அதைக் கவனித்தார். மறுநாளே கோல்டன் வாயுவைக் கொடுக்க, சக வைத்தியரான ஜோன் றிக்ஸ் வெல்ஸின் ஞானப்பல்லைப் பிடுங்கினார். வெல்ஸுக்கு வலிக்கவில்லை. தன் வாயையே சோதனைக் களமாக்கியவர் அவர்.

ஆனால், 1845 ஜனவரியில் பொஸ்டனில் அவர் நடத்திய செயல்விளக்கத்தில் வாயுப்பை முன்கூட்டியே அகற்றப்பட்டதால் நோயாளி முனகினார். பார்வையாளர்கள் எள்ளி நகையாடினர். 1846 அக்டோபர் 16 ஆம் திகதி அதே நகரில் வெல்ஸின் முன்னாள் மாணவரான வில்லியம் மோட்டன் ஈதரைப் பயன்படுத்தி வெற்றிபெற்றார். புகழ் யாருக்குரியது என்ற சச்சரவு நீடித்துக்கொண்டிருக்க, 1848 ஜனவரியில் நியூயோர்க் சிறையொன்றில் 33 வயதில் வெல்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரை அங்கீகரித்தது 1864 இல்தான்.

இனி இரண்டாவது வலிக்கு வருவோம். பல் அகன்ற குழியில் உறையும் இரத்தக்கட்டியே அங்குள்ள எலும்புக்கும் நரம்புகளுக்கும் போர்வை. அது கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெளித்தெரியும். வழமையாக மூன்றாம் நாளளவில், குறையவேண்டிய வலி கூடி, காதுவரை பரவும். 1896 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜேம்ஸ் கிரோபோர்ட் இதை 'உலர் குழி' என்று விபரித்தார். கீழ்த்தாடை ஞானப்பற்களிலும் புகைப்பிடிப்போரிடமும் இது அதிகம். பிடுங்கிய முதல் நாள் பலமாகக் கொப்பளிக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே. உப்புக் கலந்த வெந்நீர் மறுநாளுக்குரியது.

உலர் குழியைக் கழுவி வைத்தியர் வைக்கும் மருந்துகளில் யூஜினோல் பிரதானமானது. அது கராம்பு எண்ணெயின் முக்கிய கூறு. எங்கள் பாட்டிமார் கராம்பை வலிக்கும் பல்லில் அடக்கிக்கொண்டதில் அர்த்தம் இருக்கவே செய்தது.

பிரித்தானியாவின் நொட்டிங்ஹாமில் ஸ்டூவர்ட் அடம்ஸ் குழுவினர் உருவாக்கிய இபுபுரூபன் 1969 இல் பாவனைக்கு வந்தது. 1970 களிலிருந்து புதிய வலிநிவாரணிகளைப் பரீட்சிக்கும் களமாகவும் ஞானப்பல் சத்திரசிகிச்சையே அமைந்தது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஒரே விதமான வலி ஏற்படும் சந்தர்ப்பம் வேறு எதுவும் அவ்வளவு இலகுவில் கிடைக்காது. அந்தப் பரிசோதனைகளின் பயனாக, இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைத் தனியாகவோ பரசிற்றமோலுடன் சேர்த்தோ முதலில் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. அடிமையாக்கும் அபினி வகை மருந்துகள் பின்தள்ளப்பட்டுள்ளன. ஆனாலும், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இபுபுரூபனைத் தொடக்கூடாது.

வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதுவோர் எம்மத்தியில் ஏராளம். மூன்று நாட்களுக்குப் பிறகும் வலி கூடினால், காய்ச்சலோ வீக்கமோ விழுங்க இயலாமையோ வந்தால், உதட்டின் மரப்பு நீங்காவிட்டால் உடனே வைத்தியரிடம் திரும்பிச் செல்லவேண்டும். வலி பொறுக்கவேண்டிய விதியல்ல என்று நம்பியதற்காகவே வெல்ஸ் நகைப்புக்கு ஆளானார். அவர் நம்பியதே சரி என்பதை ஒவ்வொரு பல் சிகிச்சை நிலையமும் இன்று ஒப்புக்கொள்கிறது.