வாய்ச்சொல் வீரன்

ஈரப் புல்வெளி. குறுக்கே நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டின் மேல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நூறு பையன்கள். எதிரே ஒரு மேடு, மேட்டுக்குப் பின்னால் சேறு, அதற்கும் பின்னால் மரங்கள். பந்தயம் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியாது. துப்பாக்கி வெடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. காலை உதறிக்கொண்டே ஒரு பையன் பக்கத்து ஸ்கூல்காரனிடம் கேட்கிறான்: ''என்ன, இன்னிக்கும் என் முதுகைப் பார்க்கத்தான் வந்தியா?''

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தால் போதும், பள்ளிக்கூடங்களுக்கு இந்த சீஸன் வந்துவிடும். பெயர் 'க்ராஸ் கன்ட்ரி'. ஸ்டேடியத்தில் வட்டமடிக்கும் ஓட்டம் இல்லை இது. காடு, மேடு, கோல்ஃப் மைதானம், மழைச் சகதி எல்லாவற்றையும் கடந்து ஓடவேண்டும். ஒரு ஸ்கூலுக்கு ஏழு பேர் வரை ஓடுவார்கள். அதில் முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஸ்கூலுக்குக் கோப்பை. அதாவது, முதலாவதாக வந்த ஹீரோ ஒருவனால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. நாற்பதாவது இடத்துக்கு மூச்சுத் திணற அடித்துக்கொள்ளும் ஐந்தாவது பையன்தான் பல சமயம் தலையெழுத்தை எழுதுகிறவன்!

இந்த விளையாட்டில் ஏன் இவ்வளவு வாய்ச்சவடால்? கபடியில் காலைப் பிடித்து இழுக்கலாம். குத்துச்சண்டையில் மூக்கை உடைக்கலாம். ஓட்டத்தில் எதிராளியைத் தொடவே கூடாது. அவனைத் தடுக்க உங்களிடம் இருப்பது இரண்டே ஆயுதங்கள். ஒன்று கால், இன்னொன்று வாய். அதில் வாயை மட்டும்தான் பந்தயம் ஆரம்பிக்கும் முன்பே பயன்படுத்த முடியும்.

பள்ளிகள் இதைச் சும்மா விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிராளியைச் சீண்டிக் கேலி பேசினால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளின்படி அது பண்பற்ற நடத்தை. ரெஃப்ரி நினைத்தால் பந்தயத்தைவிட்டே வெளியேற்றலாம். ஆனால் பதினாறு வயதுப் பையனின் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது?

பூட்டே தேவைப்படாத ஒரு பையனும் இருந்தான். முதலில் அவனைப் பார்த்துவிடுவோம்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஓர் ஊர். அங்கே ரோஜர்ஸ் பள்ளியில் படித்த கெர்ரி லிண்ட்கிரன் ஒல்லிக்குச்சி. கீச்சுக் குரல். தன்னை ஒரு சோப்ளாங்கி என்றே நம்பியவன். அவனுடைய கோச் ட்ரேசி வால்ட்டர்ஸ் ஒரு வேலை கொடுத்தாராம்: 'பயிற்சியில் நீ முன்னால் போய் ஓடு. இந்த நோஞ்சானே முன்னால் போகிறானே என்று மற்றவர்களுக்கு ரோஷம் வரட்டும்!' இது லிண்ட்கிரனே பின்னாளில் சொன்ன கதை. மற்றவர்களை உசுப்பிவிட முன்னால் அனுப்பப்பட்ட பையன், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை!

1964 ஜூலை, லாஸ் ஏஞ்சல்ஸ். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதும் தடகளப் போட்டி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். வருஷா வருஷம் நடந்த அந்தப் போட்டியில் 10,000 மீட்டரில் அதுவரை எந்த அமெரிக்கனும் ஜெயித்ததில்லை. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த 18 வயது லிண்ட்கிரன் இரண்டு ரஷ்யர்களையும் பின்னால் விட்டுவிட்டுத் தன்னந்தனியாக வந்து சேர்ந்தான். முன்கூட்டி ஒரு வார்த்தை, ஒரு சவால்? மூச்! அதே வருஷம் 5,000 மீட்டரில் அவன் வைத்த பள்ளிச் சாதனை 2004 வரை, நாற்பது வருஷம், அசையாமல் நின்றது.

இன்னொரு ரகமும் உண்டு. பையன் வாயே திறக்கமாட்டான், அவனுக்காக வாத்தியார் பேசுவார். கான்ஸஸ் மாநிலம் விசிட்டாவில் ஜிம் ரியுன் என்ற பையனை மற்ற விளையாட்டுகளிலெல்லாம் கழித்துக் கட்டிவிட்டார்கள். க்ராஸ் கன்ட்ரிக்கு வந்து சேர்ந்தான். கோச் பாப் டிம்மன்ஸ் ஒருநாள் அவனிடம், 'ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடப்போகும் முதல் பள்ளி மாணவன் நீதான்' என்றார். பையனுக்குச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரிந்திருக்காது. 1964 ஜூன் 5-ம் தேதி கலிஃபோர்னியாவில் 3 நிமிடம் 59 நொடியில் ஓடியும் காட்டினான். அந்தப் பந்தயத்தில் அவன் வந்தது எட்டாவதாக என்பது தமாஷ். பெரியவர்கள் ஏழு பேர் அவனுக்கு முன்னால் போயிருந்தார்கள். ஆனாலும் சரித்திரத்தில் நின்றது அந்த எட்டாம் இடம்தான்!

சரி, இனி நம் கதாநாயகன்.

பசிபிக் கடலோரம், ஆரிகன் மாநிலத்தில் கூஸ் பே. மரம் அறுப்பதும், அறுத்த மரத்தைக் கப்பலேற்றுவதும், மீன் பிடிப்பதும்தான் அந்த ஊருக்குச் சோறு. 1951-ல் அங்கே பிறந்தான் ஸ்டீவ் ப்ரீஃபான்டைன். அப்பா தச்சர். அம்மா ஜெர்மனியிலிருந்து வந்தவர், தையல் வேலை பார்த்தார். வீட்டில் ஜெர்மன் பேச்சு, படிப்பில் மந்தம், ஒரு நிமிடம் உட்காராத துறுதுறுப்பு. வகுப்பில் கேலிக்குக் கேட்கவேண்டுமா? ஃபுட்பால் டீமில் சேர்ந்தான். ஆள் குட்டையாக இருந்ததால் பெஞ்ச்சை விட்டு எழுப்பவே இல்லை. பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கமாக க்ராஸ் கன்ட்ரிப் பையன்கள் ஓடிப்போவதைப் பார்த்தான். இதற்கு உயரம் வேண்டாம் போலிருக்கிறதே!

மார்ஷ்ஃபீல்ட் பள்ளியில் முதல் வருஷம், 1965-ல், மாநிலப் போட்டியில் அவன் பிடித்த இடம் 53. மறுவருஷம் ஆறு. அந்தக் கோடை முழுக்க கோச் வால்ட் மெக்ளூர் சொன்னபடி ரோடு ரோடாக ஓடினான். அதன்பிறகு பள்ளிக்கூடத்தை முடிக்கும்வரை, இரண்டு வருஷம், க்ராஸ் கன்ட்ரியிலோ மைதானத்திலோ ஒருவனும் அவனை ஜெயிக்கவில்லை. 1969 ஏப்ரலில் இரண்டு மைலை 8 நிமிடம் 41.5 நொடியில் ஓடினான். திறந்தவெளி மைதானத்தில் பள்ளி மாணவர்களுக்கான தேசிய சாதனை. பழைய சாதனையிலிருந்து கிட்டத்தட்ட ஏழு நொடி குறைத்திருந்தான்.

கூடவே வாயும் வளர்ந்தது. கேலி செய்யப்பட்ட பையனுக்கு வாய் முளைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எப்படி ஓடப்போகிறேன், எவ்வளவு நேரத்தில் ஓடப்போகிறேன் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே அறிவிப்பான். நிருபர்களுக்குக் கொண்டாட்டம்.

எனக்கு இந்த அலட்டல் பேர்வழிகளை அவ்வளவாகப் பிடிக்காது. அடுத்தவனைச் சின்னவனாக்கித் தன்னைப் பெரியவனாகக் காட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது? ஆனால், ப்ரீயின் பேச்சில் வேறு ஏதோ இருந்தது. புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுவானே, அந்த ரகம். எதிரிகளை வெல்லாவிட்டால் என் குடிமக்களே என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்பான். உதார் வேறு, வஞ்சினம் வேறு. உதார் விட்டவன் தோற்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போவான். வஞ்சினம் சொன்னவன் தண்டனையையும் தனக்குத்தானே எழுதி வைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்குவான்.

ப்ரீ எழுதி வைத்த தண்டனை என்ன? முன்னால் ஓடுவது! நீண்ட தூர ஓட்டத்தில் புத்திசாலிகள் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள். காற்றை அவன் கிழிப்பான், இவர்களுக்குச் சக்தி மிச்சம். கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு போவார்கள். ப்ரீக்கு இது கோழைத்தனம். ஜெயிப்பேன் என்று ஊருக்கே சொன்னவன் எப்படி ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒளிவது? என்னை எவனாவது ஜெயிக்கலாம், ஆனால் அதற்கு அவன் ரத்தம் சிந்தவேண்டியிருக்கும் என்பது அவன் கட்சி.

1969 இலையுதிர் காலத்தில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கையோடு, ஊமைக்கும் வாயாடிக்கும் மோதல் வந்தது. அதே லிண்ட்கிரன்தான்! வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவனுக்குக் கடைசி வருஷம், ப்ரீக்கு முதல் வருஷம். பசிபிக் கடலோரப் பல்கலைக்கழகங்களின் க்ராஸ் கன்ட்ரிப் போட்டி, ஸ்டான்ஃபோர்டில். இருவரும் மற்றவர்களைக் கழற்றிவிட்டு, தோளோடு தோள் உரசிக்கொண்டு கோட்டைத் தொட்டார்கள். கடிகாரம் இருவருக்கும் ஒரே நேரத்தைக் காட்டியது. வெற்றி லிண்ட்கிரனுக்கு என்று தீர்ப்பு. சில வாரத்தில் நியூயார்க்கில் தேசியப் போட்டி. அங்கேயும் லிண்ட்கிரன் முதலிடம். ப்ரீ மூன்றாவது.

அதற்குப் பிறகு கல்லூரி க்ராஸ் கன்ட்ரியில் மூன்று தேசியப் பட்டங்கள், மைதானத்தில் நான்கு. 19 வயதில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' அட்டைப்படம். யூஜின் நகரத்து ஹேவர்டு மைதானத்தில் அவன் வார்ம்-அப்புக்கு வந்தாலே ஜனங்கள் எழுந்து நின்று பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். எரிச்சலடைந்த எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? 'ப்ரீயை நிறுத்து' என்று சிவப்பு ஸ்டாப் பலகை போட்ட டி-ஷர்ட்டுகள் முளைத்தன. 1972 ஜூலையில் ஒலிம்பிக் தேர்வு, 5,000 மீட்டர். 13 நிமிடம் 22.8 நொடி, புதிய அமெரிக்க சாதனை. ஜெயித்த ப்ரீ என்ன செய்தான் தெரியுமா? அதே 'ப்ரீயை நிறுத்து' டி-ஷர்ட்டில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான்!

அடுத்து மியூனிக்.

இங்கேதான் வாய் பெரிதாகத் திறந்தது. கடைசி மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவேன் என்று பகிரங்கமாகவே அறிவித்திருந்தான். 5,000 மீட்டரில் முதல் மூன்றரைக் கிலோமீட்டர் ஓடிய காலோடு அதற்கு மேல் அப்படி ஒரு மைல்! பிரிட்டனின் டேவிட் பெட்ஃபோர்டு இன்னொரு வாய். இருவரும் மாறி மாறி விட்ட சவுண்டில் பத்திரிகைகள் வயிறு வளர்த்தன. பின்லாந்திலிருந்து வந்திருந்த தாடிக்காரப் போலீஸ்காரர் லாஸ்ஸே விரேன் மட்டும் ஒன்றும் பேசவில்லை. (பெயரைக் கொஞ்சம் இழுத்தால் தமிழில் 'வீரன்' என்றே வந்துவிடுகிறது!) செப்டம்பர் 3-ம் தேதி 10,000 மீட்டரில் நடுவழியில் கீழே விழுந்து, எழுந்து, உலக சாதனையோடு தங்கம் வாங்கிய மனிதர் அவர்.

செப்டம்பர் 5. ஒலிம்பிக் கிராமத்தில் புகுந்த பயங்கரவாதிகள் இஸ்ரேல் அணியினரைப் பிணை பிடித்தார்கள். பதினோரு பேர் இறந்துபோனார்கள். போட்டிகள் ஒருநாள் நின்று மறுபடி தொடங்கின. ப்ரீ ஆடிப்போயிருந்தான். 21 வயதுதானே?

செப்டம்பர் 10, இறுதிப் பந்தயம். ஆரம்பத்தில் ஆமை வேகம். எல்லோரும் எல்லோருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு ஓடினார்கள். நான்கு சுற்று மிச்சமிருக்கும்போது, சொன்னபடியே, ப்ரீ முன்னால் பாய்ந்தான். கூட்டம் சிதறியது. பெட்ஃபோர்டு காணாமல் போனார். மிஞ்சியவர்களில் விரேன், தூனிசியாவின் கமூதி, பின்னால் பிரிட்டனின் இயன் ஸ்டூவர்ட். கடைசிச் சுற்றில் விரேன் முந்தினார். ப்ரீ மறுபடி பாய்ந்தான். கமூதி குறுக்கே வந்தார். மறுபடி பாய்ந்தான். கடைசி இருநூறு மீட்டரில் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரேன் போய்விட்டார், கமூதி போய்விட்டார். மூன்றாவதாக வந்து வெண்கலத்தையாவது வாங்கியிருக்கலாம். தள்ளாடிக்கொண்டிருந்தவனைக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் ஸ்டூவர்ட் கடந்து போனார்.

நான்காம் இடம். ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தவனுக்குக் கையில் ஒன்றும் கிடையாது.

அந்தக் கடைசி மைலை விரேன் ஓடியது 4 நிமிடம் 1 நொடியில். அதாவது, ப்ரீ அறிவித்த பந்தயம்தான் நடந்தது, ஜெயித்தவர்தான் வேறு! நான்கு சுற்றுக்கு முன்னால் அவன் பாய்ந்திருக்காவிட்டால்? பதுங்கி ஓடி வெண்கலமோ வெள்ளியோ வாங்கியிருப்பான் என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் இரண்டாம் இடத்துக்காக ஓடும் வித்தையை அந்தப் பையன் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லையே!

ஊருக்குத் திரும்பினான். தோற்றவனை யூஜின் கைவிடவில்லை. தொழில்முறை ஓட்டக்காரனாக மாறினால் பெரும் பணம் என்று ஆசை காட்டினார்கள். வாங்கினால் ஒலிம்பிக் கனவு போய்விடும், அந்தக் காலத்து விதி அப்படி. வேண்டாம் என்றான். விரேனை மறுபடி சந்தித்தாக வேண்டும்.

1975-ல் தானே முயற்சி எடுத்து பின்லாந்துக்காரர்களை ஆரிகனுக்கு வரவழைத்தான். விரேனும் வருவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அவர் வரவில்லை. மே 9-ம் தேதி கூஸ் பேயில், தான் படித்த பள்ளியின் மைதானத்தில், 2,000 மீட்டரை 5 நிமிடம் 1.4 நொடியில் ஓடி இன்னொரு அமெரிக்க சாதனை வைத்தான். மே 29 மாலை யூஜினில் 5,000 மீட்டர், அதிலும் வெற்றி. அன்று நள்ளிரவு தாண்டி, மலைச்சரிவுச் சாலை ஒன்றில் அவன் கார் பாறையில் மோதிக் கவிழ்ந்தது.

வயது 24. அன்றைக்கு 2,000 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை அமெரிக்க சாதனைகள் அத்தனையும் அவன் பெயரில் இருந்தன. 'அவர்' என்று எழுதாமல் கடைசிவரை 'அவன்' என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், மன்னியுங்கள். 24-க்கு மேல் வளராதவனுக்கு வேறெப்படி எழுதுவது?

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் விரேன் மறுபடியும் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். கூஸ் பேயில் 1980-லிருந்து செப்டம்பர் மாதங்களில் ப்ரீ பெயரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறார்கள். அவன் சுற்றித் திரிந்து பயிற்சி எடுத்த தெருக்கள் வழியாகப் போய், 53-வதாக வந்த பையன் படித்த அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் முடிகிறது.