கண்டுகொள்ளாதிருத்தலின் வரலாறு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து மனநல மருத்துவமனை ஒன்றில், ஒரு பெண் நோயாளி செவிலியர் அறைக்குள் நாளொன்றுக்குச் சராசரியாக 16 முறை நுழைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் யாராவது அவரை வெளியே அழைத்துச்சென்று விடுவார்கள். தியோடோரோ அய்யோன், ஜாக் மைக்கேல் இருவரும் சொன்ன வழி எளிது: அவர் வந்தால் யாரும் கண்டுகொள்ள வேண்டாம். சுமார் ஏழு வாரங்களில் வருகை நாளுக்கு இரண்டாகக் குறைந்தது. 1959இல் வெளியான இந்த ஆய்வு, பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வின் தொடக்க ஆவணங்களுள் ஒன்று.

கருத்து அதைவிடப் பழையது. உணவு தராமல் மணியை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால் நாயின் உமிழ்நீர் படிப்படியாக வற்றுவதையும், ஓய்வுக்குப் பின் மறுபடி ஊறுவதையும் பாவ்லவ் விளக்கியிருந்தார். ஸ்கின்னருக்கு இது கிடைத்ததோ தற்செயலாக. எலிக்குத் தீனி போடும் கருவி சிக்கிக்கொண்டது. தீனி விழாதபோதும் எலி நெம்புகோலை அழுத்தியது, பிறகு மெல்ல ஓய்ந்தது. பலன் நின்றால் நடத்தையும் தேயும். இதற்குப் பெயர் ‘அற்றுப்போதல்’.

ஆனால் வார்டு ஆய்வுக்கூடப் பெட்டி அல்ல. அதே 1959 ஆய்வில் இன்னொரு பெண் ஓயாமல் தன் பிரமைகளையே பேசிவந்தார். அந்தப் பேச்சுக்குச் செவி கொடுக்காமல், தெளிவான பேச்சுக்கு மட்டும் செவிலியர்கள் கவனம் காட்டினர். ஒன்றுக்குப் பலனை நிறுத்தி மற்றொன்றுக்கு அளிக்கும் ‘வேறுபடுத்திய வலுவூட்டல்’ இதுதான். பிரமைப் பேச்சு வெகுவாகக் குறைந்து, பின்னர் மறுபடி ஏறியது. வெளியாட்கள் சிலர் அவர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு சி.டி. வில்லியம்ஸ் எழுதிய சிறு குறிப்பும் இதே ஓட்டையில் விழுந்தது. நோய்வாய்ப்பட்டுத் தேறிய 21 மாதக் குழந்தை, தூங்கும்வரை பெரியவர் ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும் என்று அழும். கதவைச் சாத்திவிட்டு வந்த முதல் முறை 45 நிமிடம் அழுதது. பத்தாம் முறை சிணுங்கல்கூட இல்லை, சிரிப்புதான். ஒரு வாரம் கழித்து அத்தையோ சித்தியோ ஒருவர் மனமிரங்கி உள்ளே போனார். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டியதாயிற்று. குடும்பம் என்றால் இப்படி ஒருவர் இருக்கத்தான் செய்வார்!

இரக்கத்தைக் குறை சொல்ல முடியாத இடங்களும் உண்டு. 1969இல் லோவாஸும் சிம்மன்ஸும் தம்மைத்தாமே அடித்துக்கொள்ளும் சிறுவர்களை அடிக்கவிட்டுப் பார்த்தனர். அடிகள் ஓய்ந்தன, ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு. அதே கட்டுரையில் அவர்கள் மின்அதிர்ச்சியையும் பயன்படுத்தினார்கள். இத்துறை இன்றளவும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அத்தியாயம் அது.

திருப்பம் வேறொரு கேள்வியிலிருந்து வந்தது: அடித்துக்கொள்வதால் குழந்தைக்குக் கிடைப்பது என்ன? பிரையன் ஐவாட்டா குழுவினர் 1982இல் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தனர். சிலருக்குப் பாடத்திலிருந்து தப்பிப்பதே பலன். அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கேட்டதையே கொடுத்ததாகிவிடும். முந்தைய தோல்விகள் பலவற்றுக்கு இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது.

1985இல் கார், டுராண்ட் இருவரும் நான்கு குழந்தைகளோடு அடுத்த அடியை வைத்தார்கள். கவனம் தேடியவர்களுக்கு “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்று கேட்கவும், கடினமான பாடத்தில் திணறியவர்களுக்கு “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லவும் கற்பித்தனர். தேவைக்குப் பொருந்தும் வாக்கியம் கிடைத்ததும் தொல்லை குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தால் குறையவில்லை.

பலனை நிறுத்தியதும் நடத்தை முதலில் வெடித்தெழும் என்பது பாடநூல் எச்சரிக்கை. லெர்மனும் ஐவாட்டாவும் 1995இல் 113 தரவுத் தொகுப்புகளை அலசியபோது, அந்த வெடிப்பு 24 விழுக்காட்டில்தான் தென்பட்டது. அற்றுப்போதலை மட்டும் கையாண்ட இடங்களில் 36, வேறு முறைகளையும் சேர்த்த இடங்களில் 12.

எந்த நடத்தை ‘தொல்லை’ என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே பின்னர் எழுப்பினர். எதையும் அறவே நிறுத்தாமல் மாற்றம் வருமா என்ற தேடலும் தொடர்ந்தது. 2010இல் அதன்ஸ், வால்மர் இருவரும் தொல்லைக்கும் பலன் கிடைக்கவிட்டார்கள். ஆனால் நல்ல வழியில் கேட்டால் கூடுதல் நேரம், உயர்ந்த தரம், உடனடியாக. இந்த மூன்றும் சேர்ந்தபோது குழந்தைகள் நல்ல வழியின் பக்கமே சாய்ந்தார்கள்.